முடிந்ததா, முடித்தாயா?

அன்பு மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நீ சற்று முன்புதான் என் கையால் தோசை தின்றுவிட்டு, முடி வெட்டிக்கொள்ள ஸ்டேஷன் பக்கத்துச் சலூனுக்குப் போயிருக்கிறாய். உன் நலம் எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூர் சலூனில் கூட்டம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். நீ பெஞ்சில் உட்கார்ந்து பழைய பேப்பர் முழுவதையும் படித்து முடித்து, உன் முறை வந்து, தலை காலியாகித் திரும்புவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி நீ பெங்களூர் வண்டி ஏறும்போது பையில் எலுமிச்சை சாதப் பொட்டலத்துக்கும் தயிர்சாத டப்பாவுக்கும் நடுவில் இது இருக்கும். அரக்கோணம் தாண்டினால் உனக்குப் பசிக்கும், பொட்டலத்தைத் தேடுவாய், இது கையில் தட்டுப்படும். நேரில் சொல்லலாமே என்று கேட்பாய். நேரில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நடுவிலேயே எழுந்து போய்விடுவாய். ரயிலில் எங்கே போவாய்?

நேற்று சாயங்காலம் நீயும் சேகரும் வாசலில் நாற்காலி போட்டு இன்டர்வியூ ஒத்திகை பார்த்தீர்களே, நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன்னோடு டிப்ளமா படித்த பையன், உனக்காக ஒரு கைடு வாங்கிக்கொண்டு வந்து, கம்பெனி முதலாளி மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டான். நல்ல பிள்ளை. உன்னைப் பற்றிச் சொல் என்றான், சொன்னாய். எதற்கு இந்த வேலை என்றான், சொன்னாய். நீ தலைமை ஏற்று நடத்திய ஒரு ப்ராஜெக்டைப் பற்றிச் சொல் என்றான். நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, "தி பெயின்ட் ஷெட் வாஸ் பில்ட். தி வொர்க் வாஸ் கம்ப்ளீட்டட் இன் டைம்" என்றாய். அவ்வளவுதான். சேகர் கைடை மூடி மடியில் வைத்துவிட்டு, முதலாளி வேஷத்தையும் கழற்றிவிட்டு, "இன்னா மச்சான், யார்டா கட்னது? பேய் வந்து கட்டிட்டுப் போச்சா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு வரவில்லை. "நான் பெருசா ஒண்ணும் பண்ணலடா. எல்லாரும் இருந்தாங்க, ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாய்.

சாப்பிடும்போது என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. இதற்கு முன் போன இரண்டு இன்டர்வியூவிலும் இந்த ஒரு கேள்வியில்தான் வாய் அடைத்துக்கொண்டது என்றாய். இந்த மாதத்தோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் உங்கள் பீரோ கம்பெனியை மூடுகிறார்கள். இந்த வாட்டியும் போனால் இனிமேல் இன்டர்வியூவே வேண்டாம், வானகரத்தில் மாமாவின் சைக்கிள் கடையில் உட்கார்ந்துவிடுகிறேன் என்றாய். சைக்கிள் கடை கௌரவக் குறைச்சல் என்று நான் சொல்லமாட்டேன், உன் மாமா அதில்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். ஆனால் நீ அங்கே போவது, உனக்குச் சைக்கிள் பிடித்ததால் இருக்க வேண்டும். ஒரு கேள்விக்குப் பயந்து போகக் கூடாது. அதுதான் எனக்கு ராத்திரி முழுக்க நெஞ்சில் உறுத்தியது.

இன்டர்வியூவைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்காதே. அப்பா போனதும் ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வாடகை குறைவு என்று உன்னை இழுத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன். அம்பத்தூரில் அந்த மோட்டார் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். என் இங்கிலீஷ் இன்றைக்கும் 'ஹோல்ட் ஆன் ப்ளீஸ்' அளவுக்குத்தான். ஆனால் என் டெலிபோன் போர்டுக்கும் மேனேஜர் அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு. ஆள் எடுக்கும் நாளில் வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்து, பெஞ்சில் உட்காரவைத்து, பெயர் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது என் வேலை. உள்ளே அனுப்பிய பிறகு காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பெஞ்சில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன் உள்ளே போய் ஊமையாவதைக் கேட்டிருக்கிறேன். தண்ணீர் டம்ளரைக் கீழே கொட்டிய பெண், உள்ளே போய்ப் பட்டுப்பட்டென்று பதில் சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தடுப்புக்கு உள்ளே நானும் ஒரு தடவை உட்கார்ந்தேன். அதை நீ அறியமாட்டாய், உனக்கு நான் சொன்னதில்லை. நீ அப்போது எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ. எங்கள் ஆபீஸை எஸ்டேட்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடியில் கட்டிய புது ஷெட்டுக்கு மாற்ற வேண்டும் என்று வந்தது. மேனேஜர் போகிற போக்கில் என்னிடம், "நீயே கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கொஞ்சம் பார்த்துக்கொள்வது என்றால் என்ன தெரியுமா? லாரி பேசுவது, பீரோ பீரோவாக ஃபைலைக் கட்டி அடையாளம் எழுதுவது, லோடுமேன்களுக்கு டீ, யார் எந்த மேஜை என்கிற சண்டைக்குப் பஞ்சாயத்து. எல்லாவற்றுக்கும் மேலே போன். அந்தக் காலத்தில் ஒரு போன் இடம் மாறுவதற்கு மாதக்கணக்காகும். ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும். போன் செத்தால் கம்பெனி செத்தது. நான் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைக்கூடத் திறக்காமல் டெலிபோன் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். அங்கே இருந்தவருக்கு என்னைக் கண்டாலே தலைவலி வரும் அளவுக்கு நடந்தேன். கடைசியில் காலையில் பழைய இடத்தில் அறுத்த லைன், அன்றைக்குச் சாயங்காலமே புது இடத்தில் அடித்தது. அந்த மணிச் சத்தத்தைக் கேட்டு நான் பாத்ரூமில் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

ஒரே ஒரு சேதாரம், மேனேஜர் மேஜைமேல் போடும் பெரிய கண்ணாடி. அதைச் சாக்குப் போட்டுச் சுற்றுங்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். லாரியில் கடைசியாக ஏற்றினால் முதலில் இறக்கலாம் என்று ஓரத்தில் வைக்கவும் சொன்னேன். அயனம்பாக்கத்திலிருந்து வந்த லோடுமேன் பையன் பாவம், அவன் இறக்கும்போதே விரிசல் விட்டிருந்தது. அவன் பயந்துபோய் நின்றான். நான் பார்த்துக்கொள்கிறேன் போ என்று அனுப்பினேன்.

சில மாதம் கழித்து ஆபீஸ் நிர்வாகத்துக்கு ஓர் ஆபீசர் வேண்டும், உள்ளே இருப்பவர்களிலேயே எடுக்கலாம் என்றார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன், ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த வரதனும் எழுதிக் கொடுத்தார். உள்ளே மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும். மேனேஜர் எனக்கு வழி போட்டுக் கொடுக்கிற மாதிரிதான் கேட்டார், அதை இப்போது நினைத்தாலும் அவர்மேல் மரியாதை வருகிறது. ஆபீஸ் மாற்றினதைப் பற்றிச் சொல்லுங்கம்மா என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மாறிடுச்சு சார்."

"போன்?"

"அன்னிக்கே வந்துடுச்சு சார்."

"அந்தக் கண்ணாடி என்ன ஆச்சு?"

"நான்தான் சார் ஒடைச்சிட்டேன்."

இவ்வளவுதான் என் இன்டர்வியூ. வெளியே வந்து போர்டில் உட்கார்ந்தேன். வரதன் உள்ளே போனார். புது ஆபீஸிலும் அதே பிளைவுட் தடுப்புதான், அதன் வழியாக அவர் குரல் கணீரென்று வந்தது. ஆபீஸை மாற்றினேன் சார் என்றார். லாரி ஏற்பாடு பண்ணினேன், ஃபைலெல்லாம் அடுக்கினேன், அன்றைக்கே போனை வரவைத்தோம் என்றார். கண்ணாடியைப் பற்றிக் கேட்டார்கள். "அது ஒடைஞ்சிடுச்சு சார்" என்றார். வேலை அவருக்குப் போயிற்று.

வரதன்மேல் எனக்குக் கோபம் இருந்தது என்று நினைக்காதே. கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன், அவர் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தபோது எனக்குச் சர்க்கரை என்று சொல்லி வேண்டாமென்றேன். அப்போது எனக்குச் சர்க்கரையே கிடையாது. ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. லாரிக்குக் கூட வந்தார், ஃபைல் தூக்கினார், வியர்க்க வியர்க்க உழைத்தார். அவர் செய்ததைச் செய்தேன் என்றார். நான் செய்ததை ஆயிற்று என்றேன். என்னிடமிருந்து அந்த வேலையை யாரும் பிடுங்கவில்லை, நானே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அது எனக்குப் புரியவே வெகுகாலம் ஆயிற்று. நேற்று நீ 'வாஸ் கம்ப்ளீட்டட்' என்று சொன்னபோது என் குரலே வாசலில் கேட்டது.

உனக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழய்யா தன்வினை, பிறவினை என்று நடத்தியிருப்பார். திருந்தினான், திருத்தினான். மார்க்குக்குப் படித்து மறந்திருப்பாய். நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் இப்படி ஜோடி இருக்கிறது பார். முடிந்தது, முடித்தேன். மாறியது, மாற்றினேன். நின்றது, நிறுத்தினேன். உடைந்தது, உடைத்தேன். ஒன்றில் ஆள் இருக்கிறான், மற்றதில் காரியம் தானாக நடந்துகொள்கிறது. நம் வீடுகளில் தம்ளர் உடைந்தால் யாராவது உடைத்தேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாயா? "கீழ விழுந்து ஒடைஞ்சிடுச்சு" என்போம், தம்ளருக்கு வாழ்க்கை வெறுத்துப்போன மாதிரி. அது தப்பிப்பதற்கு. நல்ல காரியத்துக்கும் அதே பேச்சைப் பேசுகிறோம், அது அடக்கத்துக்கு. உனக்கும் எனக்கும் மட்டும் இதில் ஒரு கோணல் சேர்ந்துகொண்டது. நல்லதெல்லாம் தானாக நடந்தது, கெட்டதெல்லாம் நாம் செய்தது. இங்கிலீஷில் கேட்டாலும் நீ உள்ளே தமிழில்தானே தேடுகிறாய்? ஆயிடுச்சு என்று மனசு சொல்கிறது, வாய் அதை 'வாஸ்' போட்டு வெளியே அனுப்புகிறது.

எனக்கு ஏன் அப்படி என்று கேட்டால் சொல்வேன். புருஷன் இல்லாதவள் தனியாக வேலைக்குப் போகிறாள் என்றால் அந்த நாளில் ரயிலில் ஏறுவதிலிருந்து இறங்குவது வரை நாலு கண் நம்மேல் இருக்கும். 'நான்' என்று ஆரம்பித்தால் திமிர் என்பார்கள். ஆகையால் அந்தச் சொல்லை நான் வாயிலிருந்தே எடுத்துவிட்டேன், யார் கண்ணிலும் படாமல் உன்னை ஒரு கரை சேர்த்தால் போதும் என்று. அது எனக்கு உதவியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து உன் வாயிலிருந்தும் எடுத்தேன் பார், அதுதான் தப்பு.

நம் தெரு அடிபம்பு உனக்கு ஞாபகம் இருக்கும். கோடையில் அது ரிப்பேராகிக் கிடந்தது. பெரியவர்கள் எல்லாம் இன்றைக்கு வருவான் நாளைக்கு வருவான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீ பள்ளிக்கூடம் விட்டதும் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்ப் போய் நின்று, கடைசியில் மெக்கானிக்கை அவருடைய சைக்கிளிலேயே பின்னால் உட்கார்ந்து கூட்டிக்கொண்டு வந்தாய். தண்ணீர் வந்ததும் குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்களிடம், முகமெல்லாம் பல்லாக, "நான்தான் ரிப்பேர் பண்ண வெச்சேன்" என்றாய். நான் என்ன செய்தேன்? அத்தனை பேர் முன்னால், "இன்னாடா நான் நான்னுகினு. எல்லாரும் சேந்துதான் பண்ணாங்கன்னு சொல்லு" என்றேன். நீ உடனே சொன்னாய். அந்த முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும், பிள்ளை அடக்கமாக வளர்கிறான் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு பெருமையாக உள்ளே போனேன். அதற்குப் பிறகு நீ எந்த நல்ல காரியத்தையும் உன் பெயரில் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது உன் பெயின்ட் ஷெட்டுக்கு வருவோம். நீ பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றாயே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேள். போன மாதம் ஆவடி மார்க்கெட்டில் உன் கம்பெனி பெயின்டர் ஏழுமலையைப் பார்த்தேன். வாழைத்தண்டு வாங்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் தண்டைத் தராசிலேயே விட்டுவிட்டு வந்து பேசினார். பீரோவில் பெயின்ட் உரிகிறது என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததும், புது ஷெட் போடும் பொறுப்பை முதலாளி உன்னிடம் விட்டதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெல்டரையும் எலக்ட்ரீஷியனையும் எப்படி ஒரே நாளில் வரவைத்தாய், முகத்தில் துணி கட்டமாட்டேன் என்று முரண்டு பிடித்த ஏழுமலையை எப்படிக் கட்டவைத்தாய் என்றெல்லாம் சொன்னார். அவருக்கு இருமல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், திரும்பி வரும் வழியில், இனிமேலாவது துணி கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டாயாமே. நீ தினம் சோறு போடும் என்னிடம் இதில் ஒரு வரி சொன்னாயா?

அப்புறம் புது ஷெட்டில் அடித்த முதல் லாட் பீரோக்களைப் பற்றிச் சொன்னார். பீரோ எல்லாம் பெயின்ட் அடித்து நிற்கிறது, முகூர்த்த மாதம், கடைக்காரன் லாரியை அனுப்பிவிட்டான். ஏற்றப் போகும்போது நீ ஒரு கதவில் கையை வைத்துத் தடவிப் பார்த்திருக்கிறாய், நறநறவென்று தூசி. ஷெட்டின் வாசலை லாரி போகும் ரோட்டுப் பக்கம் வைத்தது நீ. ஏற்ற இறக்கச் சுலபம் என்று வைத்திருக்கிறாய். ஒவ்வொரு லாரி போகும்போதும் ஈர பெயின்டில் தூசி போய் உட்கார்ந்திருக்கிறது. முதலாளி ஏற்றச் சொல்லிவிட்டார், யாருக்குத் தெரியப்போகிறது என்று. ஏழுமலை சொன்னதை அவர் வாயாலேயே சொல்கிறேன்: "ஒங்க புள்ள லாரி முன்னாடி நின்னுகினு, 'வாசப்படிய தப்பா வெச்சது நான் சார், இது போவ வாணாம், நான் சரி பண்ணித் தரேன்'னுட்டாரும்மா. மொதலாளி மூஞ்சி போன போக்க நான் பாத்தேன். ஆனா லாரி காலியாத்தான் போச்சு." பிறகு வாசலைப் பின்பக்கம் திருப்பி, எல்லாவற்றையும் தேய்த்து மறுபடி அடித்து அனுப்பினீர்களாம். அதற்கப்புறம் ஒரு பீரோகூடத் திரும்பி வரவில்லையாம். நான் மார்க்கெட்டில் நின்று அழக் கூடாது என்று வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமெல்லாம் நீ ராத்திரி தாமதமாக வந்து, ஏன்டா என்று கேட்டால், "லேட் ஆயிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னாய்.

அடேய், இதைத்தானே அவர்கள் கேட்கிறார்கள்? தலைமை ஏற்பது என்றால் எல்லாவற்றையும் நீயே தூக்கிச் சுமப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், அதனால்தான் நான் என்ன செய்தேன் என்று முழிக்கிறாய். பெயின்ட் அடித்தது ஏழுமலை. வெல்டிங் வைத்தது வெல்டர். சரி, யாரை எப்போது வரச்சொல்வது என்று முடிவு செய்தது யார்? மாட்டேன் என்றவரைச் சம்மதிக்க வைத்தது யார்? லாரியை நிறுத்தியது யார்? ஒரு தடவை எங்கள் கம்பெனிக்கு ஒரு பெண் வந்தாள், டம்ளரைக் கொட்டினாள் என்றேனே, அவள்தான். இதே கேள்வியை அவளிடம் கேட்டார்கள். அவள், "இந்த வேலை எனக்குத் தெரியும் சார், செஞ்சேன். அந்த வேலை எனக்குத் தெரியல, தெரிஞ்சவங்ககிட்ட குடுத்தேன், குடுத்துட்டு தினம் போய்ப் பாத்தேன்" என்றாள். பிறகு மேனேஜர் எனக்கு போன் போட்டு அவளுக்கு ஒரு காபி அனுப்பச் சொன்னார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது அவள்தான் என்று. அந்த மனுஷர் லேசில் யாருக்கும் காபி வாங்கித் தரமாட்டார்.

ஆகவே திங்கட்கிழமை பெங்களூர் இன்டர்வியூவில் அந்தக் கேள்வி வரும்போது, வாயைத் திறப்பதற்கு முன்னால் மனசுக்குள் தமிழில் ஒரு வரி சொல்லிப் பார். அதில் ஆள் இருக்கிறானா என்று பார். கேட்டேன், சொன்னேன், கொடுத்தேன், நிறுத்தினேன், திருப்பினேன். அப்புறம் அதை இங்கிலீஷில் தள்ளு. ஏழுமலை செய்ததை ஏழுமலை செய்தார் என்று பெயர் சொல்லியே சொல்லு, 'எல்லாரும்' என்று மொத்தையாகச் சொன்னால் அதில் அவரும் காணாமல் போகிறார், நீயும் காணாமல் போகிறாய். என்ன தப்பு நடந்தது என்று அவசியம் கேட்பார்கள். வாசலைத் தப்பாக வைத்தேன் என்று சொல்லு. தப்பாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வராதே. நான் அன்றைக்குக் கண்ணாடியை உடைத்தேன் என்றது தப்பில்லை, அது உண்மை, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். போனை நான் வரவைத்தேன் என்று சொல்லாததுதான் தப்பு. இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறவனை நம்பி வேலையைக் கொடுக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றும். வரதன் மாதிரி ஆகிவிடுவேனோ என்று பயப்படாதே. நீ உடைத்தேன் என்று சொல்லத் தெரிந்தவன். உனக்கு அந்த ஆபத்து இல்லை.

வேலை கிடைத்தால் அடுத்த வீட்டுக்குப் போன் பண்ணு, நான் ஓடி வருகிறேன். "வேலை கெடைச்சிடுச்சும்மா" என்று சொன்னால் போனை வைத்துவிடுவேன். "வாங்கிட்டேம்மா" என்று சொல்ல வேண்டும். வாங்காமல் வந்தாலும் அதே வண்டியில் நேராக வீட்டுக்கு வா. உனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருப்பேன், உட்கார்ந்து சாப்பிடு, மறுபடி எழுதிப் போடு. சைக்கிள் கடை எங்கேயும் ஓடிப்போகாது.

கேட் சத்தம் கேட்கிறது, நீதான். கிராப்பை ரொம்பக் குறைத்துவிட்டானோ என்னவோ, போய்ப் பார்க்க வேண்டும். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். இத்தனை வருஷமாக ரயிலிலும் தெருவிலும் ஆபீசிலும், ஒத்தையாக இருந்துகொண்டு பிள்ளையை எப்படிம்மா இப்படி ஆளாக்கினாய் என்று யார் கேட்டாலும், "நான் என்ன பண்ணேன், அவன் பாட்டுக்கு வளந்தான்" என்றே சொல்லிவந்திருக்கிறேன். அதுவும் அந்த 'ஆயிடுச்சு' பேச்சுதான். உனக்குப் புத்தி சொல்லிவிட்டு நான் மாறாமல் இருந்தால் நன்றாக இருக்காது. அடிபம்படியில் அத்தனை பேர் முன்னால் உன் வாயை அடைத்தது நான். இன்றைக்கு நீ லாரியை நிறுத்துகிற பிள்ளையாக இருக்கிறாயே, நீயாக அப்படி வளர்ந்துவிடவில்லை.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த
அம்மா